கிட்டார் பழக முதலில் ஸ்கேலா (சுரங்களின் ஏறுவரிசை), நேரே பாட்டா?
அட்டன் பக்கம் கிட்டார் எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஜி, சி, டி என்று மூன்று கோர்ட்ஸோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) நேரே பாட்டுக்குப் போய்விடுவார்கள், சர்ச்சிலோ திருவிழாவிலோ சட்டென்று கைகொடுப்பதும் அதுதான். ஆனால் பாடுகிறவர் “சுருதியை ஏ-க்கு ஏற்று” என்றதும் கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வியான கேப்போவைத் தேடி ஓடுவார்கள். ஸ்கேல் தெரிந்தவர் ஏ-யிலிருந்து அந்த ஸ்கேலின் சுரங்களை ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணி ஏ, டி, ஈ பிடித்துவிடுவார், அவ்வளவுதான். மேஜர் பென்டடோனிக் என்ற ஸ்கேல் வேறெங்கோ இருந்து வந்த பூதமும் இல்லை, நம்ம மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்கள். ஆனால் தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டு ஸ்கேலில் ஏறி இறங்குவதோடு நிற்பவர்கள் ஒரு பாட்டையும் முழுசாக வாசிப்பதில்லை, அதுவும் நுவரெலியா குளிரில் விறைத்த விரலோடு, பாவம். என் ஓட்டு பாட்டுக்குத்தான். அது எந்த ஸ்கேல் என்று அப்புறம் தேடிப் பிடியுங்கள்.