மலையேறும் பழைய லாரிக்குப் போரிங்கா, டர்போவா?

மேட்டுப்பாளையத்தில் புகையில்லாமல் கிளம்பும் பழைய டீசல் லாரி, ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையை நெருங்கும்போது கரும்புகை கக்குவதற்குக் காரணம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த பிறகும் பம்பு அதே அளவு டீசலைத் தள்ளுவதுதான். 97 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அரை மி.மீ. அகலமாக்கி (இதுதான் போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் கொள்ளளவு 1 சதவீதமே கூடும். தேய்மானத்தால் இழந்த கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும் அழுத்தம், மீள்வதே மெய்யான ஆதாயம் (அதைத்தான் பலர் கூடுதல் சக்தி என்று எண்ணிவிடுகிறார்கள்). டர்போ, மெலிந்த காற்றை அழுத்தி ஊட்டுவதால் குறையின் வேரையே தொடுகிறது. ஆனால் அதனால் கூடும் வெப்பமும் அழுத்தமும் பழைய பிஸ்டனையும், சிலிண்டர் மூடியின் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டையும் சோதிக்கும் என்பதால், கம்ப்ரஷன் விகிதம் குறைந்த பிஸ்டனும் அதன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டும் சேர்ந்தால்தான் நிலைக்கும். கேரட் மூட்டையோடு இறங்கி, காலியாக ஏறும் வண்டிக்குப் போரிங் போதும். சிமெண்ட் ஏற்றி வரும் வண்டிக்கே டர்போ செலவு தகும்.