ஈஸ் திட்டத்தில் அம்மா வீட்டுக் கழிவறை

வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருக்கிறார், கழிவறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை என்றால் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முதியோர் வீட்டைப் பாதுகாப்பாக்க நடத்தும் ‘ஈஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். 60 முதல் 64 வயதுக்காரர்களுக்கும் உண்டு. ஆனால் குளிக்க, உடுத்த, நடக்க என ஏதாவது ஒன்றுக்கேனும் துணை தேவைப்படுபவராக இருக்க வேண்டும். தோ பாயோவில் அம்மா இருக்கும் பழைய மூவறை வீட்டுக்கு அண்மையில் செய்து முடித்தோம்.

காசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். குடிமக்கள் குடும்பம் என்றால் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. மூவறை வீட்டுக்கு நம் பங்கு 5 விழுக்காடு, நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு 12.5. வெளியாளிடம் விலை கேட்டுப் பார்த்திருந்ததால் எனக்கு இது கிட்டத்தட்ட இனாமாகத்தான் தெரிந்தது. புளோக் முழுவதற்கும் சேர்த்து வீடுகளைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நம் புளோக்குக்கு எப்போது வரும், அக்கம்பக்கத்தார் வாக்களிப்பார்களா என்று காத்திருக்கவும் தேவையில்லை. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் மின்னடையாளம் இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. “சுவரெல்லாம் கம்பி மாட்டி வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிடாதே” என்றார். எதிர்வீட்டு ஆன்ட்டியின் கழிவறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே தலையசைத்தார். நல்லவேளை, எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்றில்லை. 2024ல் திட்டத்தை விரிவாக்கி, மடக்கிவைக்கும் குளியல் இருக்கை, கழுவிக்கொள்ள பிடே ஸ்பிரே, இருட்டில் ஒளிரும் சுவிட்ச், தீ எச்சரிக்கைக் கருவி எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். இருக்கை வேண்டாம் என்றார், சரி என்று விட்டுவிட்டோம். கைப்பிடிகளும் வழுக்காமல் இருக்கத் தரைப் பூச்சும் மட்டும் எடுத்தோம்.

கைப்பிடியை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேலைக்கு வந்த தம்பி சுவரில் பென்சிலால் கோடு போட்டார். என் கைக்கு வாகாக இருந்தது; அம்மா என் தோளுக்குத்தான் வருவார். அவரையே கூப்பிட்டுக் கழிவறையில் உட்கார்ந்து, வழக்கம்போல எழுந்து காட்டச் சொன்னேன். பக்கச் சுவர் பக்கம் கையே போகவில்லை. முன்னால் இருக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தார்! இத்தனை வருஷமும் அப்படித்தானாம். குழாய் பெயர்ந்து வராதது எங்கள் புண்ணியம். அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் பழைய கோட்டை அழித்துவிட்டு, கீழே இறக்கி, முன்னால் தள்ளிக் குறித்தார். உங்கள் வீட்டிலும் துளை போடுவதற்கு முன்னால் பெரியவரை உட்கார வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் நின்று வழிகாட்ட வேண்டாம்.

தரைக்குச் செய்ததைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதே பழைய ஓடுதான். ஈரக்காலோடு நின்றால் கால் பிடித்து நிற்கிறது. கம்பியைவிட எனக்கு நிம்மதி தந்தது இதுதான். ஒரே குறை, குளியலறை, கழிவறை ஓடுகளோடு சரி. அந்த வீட்டில் கழிவறையை விட்டு வெளியே வந்தால் அடுத்த அடி சமையலறைத் தரை, அதுவும் எப்போதும் ஈரம். அதையும் சேர்த்தால் என்ன?

தூசியை யார் துடைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள், ஆனால் அடுப்பு மேடைவரை வெள்ளையாக்கிவிட்டுப் போனார்கள். பாத்திரத்தையெல்லாம் மூடிவைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, கைப்பிடியில் துண்டைக் காயப்போட விடாதீர்கள். அவசரத்துக்குப் பிடித்தால் துண்டோடு கை வழுக்கும். சொன்னால் அம்மா கேட்பதாக இல்லை. துண்டுக்கென்று தனியாக ஒரு கொக்கி வாங்கி மாட்டினேன். அதற்கு மானியம் கிடையாது.