ஆக்ரா கோட்டையா, ஃபதேபூர் சிக்ரியா?

தாஜ்மகாலைப் பார்த்தாயிற்று, கையில் இன்னும் அரை நாள் இருக்கிறது. சரி, அடுத்து எங்கே?

கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் நேராக முசம்மன் புர்ஜ் என்கிற எண்கோணக் கோபுரத்துக்குப் போங்கள். 1658 முதல் 1666இல் இறக்கும்வரை ஷாஜகானை மகன் ஔரங்கசீப் அடைத்துவைத்தது இந்தக் கோட்டையில்தான். பளிங்கு மாடத்தில் நின்றால், மனைவிக்காக அவர் கட்டிய கல்லறை யமுனைக் கரையில் சின்னதாகத் தெரியும். எனக்கு அங்கே பேச்சே வரவில்லை.

சிக்ரி சுமார் 40 கிலோமீட்டர். அரை நாள் அதற்கே சரியாகிவிடும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். 1571 வாக்கில் அக்பர் எழுப்பத் தொடங்கிய தலைநகரம், 1585இல் அவரே விட்டுப்போனது. திவானி காஸ் மண்டபத்தின் நடுவே ஒற்றைத் தூண். அதன் உச்சியில் 36 தாங்குகற்கள் பூவிதழ்போல் அடுக்கடுக்காக விரிகின்றன. அண்ணாந்தபடியே மூன்று முறை சுற்றிவந்தேன். அப்புறம் சலீம் சிஷ்டி தர்கா. அதன் பளிங்குச் சல்லடைச் சன்னல்களில், பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் கட்டிய நூல்கள் முடிச்சு முடிச்சாகத் தொங்குகின்றன.

கூடவே வயதானவர்கள், கொளுத்தும் வெயில் என்றால் கோட்டையே போதும். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. அன்று ஆக்ராவில் இருந்தால் தயங்காமல் சிக்ரிக்குக் கிளம்பிவிடுங்கள்.