அமெரிக்கச் சிற்றூர்களின் வாக்கு வரைபடம்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

2020 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை வாக்குச்சாவடி வாரியாகக் காட்டும் இணைய வரைபடத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. 2016 தேர்தலுக்கும் அந்த இதழ் இப்படியொரு வரைபடத்தைத் தந்திருந்தது. மாநிலங்களையும், அவற்றின் உட்பிரிவுகளான கவுன்டிகளையும் மட்டுமே சிவப்பாகவும் (குடியரசுக் கட்சி) நீலமாகவும் (ஜனநாயகக் கட்சி) பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு சிற்றூர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத் தனியாகப் பார்க்கக் கிடைப்பது பெரிய வரம். ஊரைத் தேடி அதன் மேல் சுட்டியை வைத்தால் போதும். ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கும் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கும் கிடைத்த ஆதரவு தெரிந்துவிடும். பயன்படுத்த இவ்வளவு எளிதான தேர்தல் கருவிகள் மிகக் குறைவு என்பதே என் கருத்து. அடிப்படைத் தரவையும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ள அனுமதித்திருப்பது தனியாகப் பாராட்டப்பட வேண்டியது.

ஆனால் ஒரு சிற்றூரின் அரசியல் மனப்போக்கை அறிய இந்த வரைபடம் மட்டும் போதாது. அதற்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடகோடியில் உள்ள டிக்ஸ்வில் நாட்ச் என்ற சிற்றூரைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. பதிவு செய்த வாக்காளர்கள் அனைவரும் வாக்களித்துவிட்டால் சாவடியை மூடி உடனே எண்ணத் தொடங்கலாம் என்று அம்மாநிலச் சட்டம் இடமளிப்பதால், 1960 முதல் அங்கே தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே வாக்களித்து முடிவையும் அறிவித்துவிடுகிறார்கள். 2020இல் பதிவான ஐந்து வாக்குகளும் பைடனுக்கே விழுந்தன. வரைபடமோ வாக்காளர்களுக்கு அல்ல, நிலத்துக்கு வண்ணம் பூசுகிறது. டிக்ஸ்வில் பகுதியின் பரப்பு சுமார் 49 சதுர மைல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும், மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான மான்செஸ்டர் சுமார் 35 சதுர மைல்தான். ஐந்து பேரின் முடிவு ஒரு மாநகரத்தை விடப் பெரிய இடத்தை நிரப்பும்போது, கண் தவறான முடிவுக்கு வருவது இயல்பே. வண்ணத்தின் அழுத்தம் வாக்கு வித்தியாசத்தின் சதவீதத்தைச் சொல்கிறதே தவிர, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இதைவிட முக்கியமான குறை, ஒரே ஒரு தேர்தலை வைத்து ஊரை முத்திரை குத்தும் வாய்ப்பு. அதே டிக்ஸ்வில் 1960இல் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு ஒன்பது வாக்குகளையும் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்குப் பூஜ்ஜியத்தையும் தந்தது. 2008இல் ஒபாமா 15, மெக்கெய்ன் 6. 1968க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அங்கே முதன்முறையாக வென்றது அப்போதுதான். 2012இல் ஐந்துக்கு ஐந்து, 2024இல் மூன்றுக்கு மூன்று என இரண்டு முறை சமநிலை. 2020 வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் அதை அசைக்க முடியாத ஜனநாயகக் கட்சிக் கோட்டையாகவே கருதுவார். இவ்வளவு குறைவான வாக்காளர்கள் உள்ள இடத்தில் இரண்டு குடும்பங்கள் குடிபெயர்ந்தாலே முடிவு மாறிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது அமைந்துள்ள கோவாஸ் கவுன்டியின் கதை இன்னும் ஆழமானது. காகிதத் தொழிலை நம்பியிருந்த அப்பகுதியில், பெர்லின் நகரின் காகிதக்கூழ் ஆலை 2006இலும் குரோவ்டன் ஆலை 2007இலும் மூடப்பட்டன. 2008இலும் 2012இலும் ஒபாமாவை ஆதரித்த அந்தக் கவுன்டி 2016 முதல் தொடர்ந்து டிரம்ப் பக்கம் நின்றிருக்கிறது. ஒரே மக்கள் ஏன் இப்படித் திசை மாறினார்கள் என்ற கேள்வி எழ வேண்டுமானால், குறைந்தது நான்கு தேர்தல்களையாவது அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தபால் வாக்குகள் இன்னொரு சிக்கல். பெருந்தொற்றுக் காலமான 2020இல் வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் முன்கூட்டியும் தபாலிலும் வந்த வாக்குகளைச் சாவடி வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாகவே அறிவித்தன. அத்தகைய இடங்களில் ஒரு சாவடியின் எண்ணிக்கையை அப்படியே அந்தப் பகுதியின் மனநிலையாகக் கொள்வது தவறு. நியூ ஹாம்ப்ஷயரில் அந்தத் தொல்லை இல்லை. தபால் வாக்குகளும் அந்தந்த ஊரிலேயே எண்ணப்படுகின்றன.

ஊர் மக்களின் சார்பைப் பற்றி எழுத நினைப்பவர்கள் இந்த வரைபடத்தில் தொடங்கி, மாநிலச் செயலர் அலுவலகம் வெளியிடும் ஊர்வாரி முடிவு அட்டவணைகளுக்குச் செல்ல வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். அழகில்லாத வெறும் எண்கள்தான். ஆனால் ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கும் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கும் வாக்களிக்கும் ஊர்கள் அங்கேதான் பிடிபடுகின்றன. 2020இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமே பைடனையும், ஆளுநராகக் குடியரசுக் கட்சியின் சுனூனுவையும் ஒரே நாளில் தேர்ந்தெடுத்தது. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் அங்கே பெருமளவில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒற்றை வண்ணம் எவ்வளவு விஷயங்களை மறைக்கிறது என்பது விளங்கும்.

வரைபடத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். பதிவான வாக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப வண்ணத்தை மங்கச் செய்யும் வசதியும், அதே ஊரின் பழைய முடிவுகளை ஒரே பெட்டியில் காட்டும் வசதியும் சேர்ந்தால் எஞ்சிய ஒன்றையும் தயங்காமல் தருவேன்.