மாஸ்கிங் ஃப்ளூயிடா, மெழுகா, டேப்பா? வாட்டர்கலர்ல வெள்ளைய காப்பாத்துறது எப்படி

வாட்டர்கலர்ல வெள்ளைன்னா பேப்பரோட வெள்ளைதான். அத காப்பாத்த மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையா நிக்க வேண்டிய இடத்துல தடவி, மேல கலர் போட்டு, காஞ்சதும் உரிச்சு எடுக்கற திரவம்) பாட்டில வாங்கி எல்லாத்துக்கும் அதையே தடவுறவங்கதான் அதிகம். என்னக் கேட்டா அதுக்குன்னு இருக்கற வேலை ரொம்ப சின்னது.

பெரிய வானத்த ஈரத்தோட ஒரே மூச்சுல போட்டு முடிக்கணும், நடுவுல படகோட கயிறும் கொடிமரமும் வெள்ளையா நிக்கணும், அங்க ஃப்ளூயிட்ட அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பண்ற பாடு இருக்கே! அது ரப்பர் பால், அமோனியா சேர்ந்தது, நாத்தம் வேற. ப்ரஷ்ல காஞ்சிடுச்சுன்னா ப்ரஷ் போச்சு, அதனால பழைய ப்ரஷ்ஷ முதல்ல சோப்புல தேய்ச்சுட்டு முக்கணும், இல்லன்னா ரூலிங் பேனா, அதாவது கோடு போடறதுக்கான ரெண்டு தகடு முனைப் பேனா. பேப்பர் முழுசா காஞ்சிருக்கணும், ஹேர் ட்ரையர் சூடு காட்டக் கூடாது, வாரக்கணக்குல அப்படியே விட்டா உரிக்கும்போது பேப்பரும் சேர்ந்து வரும். 300 ஜிஎஸ்எம் கனத்துல காட்டன், ஜெலட்டின் சைஸிங் (பேப்பர் தண்ணிய சட்டுன்னு உறிஞ்சாம இருக்க சேர்க்கறது) உள்ள ஆர்ஷ் பிராண்ட் மாதிரி பேப்பர் தாங்கும், மலிவான செல்லுலோஸ் பேப்பர் நிறைய தாங்காது. உரிச்சதும் ஓரம் கத்தரிக்கோலால வெட்டுன மாதிரி நிக்கும், ஈர ப்ரஷ்ஷால மென்மையாக்கணும்.

தண்ணில வெயில் மினுங்கணுமா, மெழுகுவர்த்திதான். சொரசொரப்பான ரஃப் பேப்பர்ல படுக்கவச்சு லேசா தேய்ச்சா மேடு மட்டும் மெழுகு பிடிக்கும், பள்ளத்துல கலர் இறங்கும், அந்த உடைஞ்ச மினுக்கல ஃப்ளூயிட்ல என்ன பண்ணாலும் கொண்டுவர முடியாது. வழவழப்பான ஹாட் ப்ரெஸ் பேப்பர்ல இது எடுபடாது. தேய்ச்ச இடம் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கணும், தேய்ச்சா தேய்ச்சதுதான், அடுத்து அங்க கலர் ஒட்டாது. பிரிட்டிஷ் சிற்பி ஹென்றி மூர் 1940-41ல லண்டன் சுரங்க ரயில் ஸ்டேஷன்ல குண்டுக்கு பயந்து படுத்திருந்தவங்கள வரைஞ்சதுல மெழுகு க்ரேயான் மேல வாட்டர்கலர் ஓட்டினதுதான் அந்த உருவங்களோட பலமே.

டேப் பார்டருக்கும் நேர் கோட்டுக்கும் போதும், ஓரத்த நகத்தால அழுத்திட்டு அப்புறம் படத்துக்கு வெளிப்பக்கமா மெதுவா இழுங்க.

கடைசியா வெள்ளை கோவாஷ், அதாவது அடியில இருக்கறத மறைக்கற கெட்டியான வாட்டர்கலர். பெருசா தடவினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும், ஆனா அலை நுரைப் புள்ளி, கண்ணுல ஒளி, இதுக்கு நான் பாட்டில தேடறதே இல்ல. கோவாஷ் தொட்டா தீட்டுன்னு சொல்ற சுத்த வாட்டர்கலர் ஆசாமிங்க, அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டோட வாட்டர்கலர் படங்கள கொஞ்சம் கிட்டப் போய் பாக்கட்டும், அதுல மெழுகும் இருக்கு, வெள்ளை கோவாஷும் இருக்கு.