2 கன மீட்டர் தீனபந்து சாண எரிவாயுக் கலன்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோபர் கேஸ் கட்டினால் எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தினமும் எத்தனை கிலோ சாணி கையில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். கிராமங்களில் செத்துக் கிடக்கும் கலன்களில் பெரும்பாலானவை கட்டுமானக் கோளாறால் சாகவில்லை. மாடு குறைந்தது, தீனி குறைந்தது, கலன் பட்டினி கிடந்தது. அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஒரு கிலோ பச்சைச் சாணி சுமார் 40 லிட்டர் எரிவாயு தரும். 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர். 2 கன மீட்டர் கலனுக்கு, அதாவது நாளைக்கு அவ்வளவு வாயு தரும் கலனுக்கு, நாள்தோறும் 50 கிலோ சாணியும் 50 லிட்டர் தண்ணீரும் வேண்டும். கட்டிப்போட்டு வளர்க்கும் பசு நாளைக்குச் சுமார் 10 கிலோ போடும், எருமை 15 கிலோ வரை. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணியில் பாதி காட்டிலேயே போய்விடும். ஆகவே கட்டுத்தறியில் நிற்கும் ஐந்து உருப்படி நிரந்தரமாக இல்லையென்றால் 1 கன மீட்டரே போதும். பெரிய கலனை அரைவயிற்றோடு ஓட்டுவதைவிடச் சின்னக் கலனை முழுவயிற்றோடு ஓட்டுவது மேல்.

தீனபந்து மாதிரி 1984-இல் அஃப்ப்ரோ (AFPRO) என்ற தொண்டு நிறுவனம் வடிவமைத்தது. அதற்கு முன்பிருந்த கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் கலன் மாதிரியில் இரும்புத் தொட்டி மேலும் கீழும் ஏறி இறங்கும். அழுத்தம் ஒரே சீராக இருக்கும், ஆனால் அந்த இரும்பு துருப்பிடிக்கும், வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டும். தீனபந்துவில் அசையும் பாகமே கிடையாது. மண்ணுக்குள் செங்கல் குவிமாடம். சேரும் வாயு உள்ளிருக்கும் குழம்பைக் கீழே அழுத்தி வெளியேற்றுத் தொட்டிக்குத் தள்ளும், வாயுவைத் திறந்தால் குழம்பு திரும்பி வந்து அதை அடுப்புக்குத் தள்ளும். 2 கன மீட்டருக்குச் சுமார் 1000 செங்கல்லும் 14 முதல் 16 மூட்டை சிமெண்டும் ஆகும். நம் ஊர்ச் சூட்டுக்கு 30 நாள் தேக்கமே போதும், அதாவது போட்ட சாணி அத்தனை நாள் கலனுக்குள் இருந்தால் போதும் என்பார்கள். 40 நாள் தேக்கத்துக்குக் கட்டுங்கள். மார்கழிக் குளிருக்கும், அடியில் படியப்போகும் மணலுக்கும் அந்த இடம் தேவைப்படும்.

கட்டும்போது கொத்தனார் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது குவிமாடத்தின் உட்பூச்சு. தண்ணீர் கசியாத பூச்சு வேறு, வாயு கசியாத பூச்சு வேறு. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற 1:3 கலவையில் பூசி, சிமெண்ட் பால் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். குறைந்தது பத்து நாளாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். குவிமாடத்தைச் சுற்றி மண் நிரப்பும்போது ஒரே பக்கமாகக் கொட்டினால் மயிரிழை விரிசல் விழும். சுற்றிலும் அரை அடி அரை அடியாக இடித்து நிரப்ப வேண்டும். சாணி போடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தை மானோமீட்டர் என்ற அழுத்தமானியில் குறித்து, 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள் பின்னால் 4000 லிட்டர் குழம்பை வெளியேற்றிவிட்டுப் பூச வேண்டி வரும்.

மானோமீட்டரைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. தெளிவான பிளாஸ்டிக் ஓஸை ஆங்கில யூ எழுத்துப் போல வளைத்து, ஒரு கைக்கு 120 சென்டிமீட்டர் வைத்து, சாயம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றிச் சமையலறைச் சுவரில் அடித்துவிட்டால் போதும். ஒரு முனை வாயுக் குழாயில், மறு முனை திறந்து. இரண்டு கைக்கும் உள்ள மட்ட வித்தியாசம்தான் அழுத்தம். இந்தக் கலன் முழுதாக நிரம்பினால் 90 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு வரும். ஒன்பது ஆண்டில் கோளாறைக் கண்டுபிடிக்க அதிகம் உதவியது இந்த ஓஸ்தான்.

முதல் நிரப்புக்கு ஏறத்தாழ 2000 கிலோ சாணி வேண்டும். ஒரு மாதம் முன்பிருந்தே நிழலில் குவித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடிச் சேர்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து பத்தில் ஒரு பங்கு குழம்பு கொண்டுவந்து கலந்தால், தயிருக்கு உறை ஊற்றுவது போல, இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். முதலில் வரும் வாயு பெரும்பாலும் கரியமில வாயுவும் காற்றும்தான், எரியாது. ஒன்றிரண்டு முறை முழுதாகத் திறந்துவிட வேண்டும். கலனின் வாயில் தீக்குச்சி கிழித்துச் சோதிக்கவே கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். அடுப்பில் மட்டும் பற்றவைத்துப் பாருங்கள்.

அன்றாட வேலை இருபது நிமிடம். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தலைதட்டி இரண்டரை வாளி சாணி, அதே அளவு தண்ணீர். தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதம். கட்டியாகப் போனால் உள்ளே நகராது, மிகவும் நீர்த்தால் நார் மேலே மிதந்து ஏடு கட்டும். கரைப்புத் தொட்டியின் ஓட்டையைக் கட்டையால் அடைத்துக் கரைத்து, ஐந்து நிமிடம் மணல் அடியில் படிய விட்டு, பிறகு கட்டையை எடுங்கள். தொட்டியின் தரை, ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் மணல் அங்கேயே தங்கும், கையால் வாரி எறியலாம். மண் தரைத் தொழுவமாக இருந்தால் இதை ஒரு நாளும் விடக்கூடாது. வெயில் ஏறிய பிறகு கரைத்து ஊற்றினால் உள்சூடு குறையாது.

எதைப் போடக்கூடாது என்பது முக்கியம். பினாயில் ஊற்றிக் கழுவிய தொழுவத்துத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணி ஆகிய மூன்றும் உள்ளேயிருக்கும் நுண்ணுயிரைக் கொல்லும் அல்லது முடக்கும். ஊசி போட்ட மாட்டின் சாணியை ஒரு வாரம் எருக்குழிக்குத் தள்ளிவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. மிஞ்சிய சோறு, பழைய மாவு எல்லாம் கொஞ்சமாகப் போட்டால் வாயு நன்றாக ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாளி வாளியாகக் கொட்டினால் கலன் புளிக்கும். மாவுப் பொருளை அமிலமாக்கும் உயிர்கள் வேகமானவை, அமிலத்தை மீத்தேனாக்கும் உயிர்கள் மெதுவானவை. முன்னது பின்னதை முந்திவிட்டால் அழுத்தம் இருக்கும், தீ பிடிக்காது, வெளியேற்றுத் தொட்டியில் புளித்த வாடையும் நுரையும் வரும். ஐந்தாறு நாள் தீனியை நிறுத்தி, ஓடுகிற கலன் குழம்பு நான்கைந்து வாளி ஊற்றினால் மீளும். கல்யாண வீட்டு மிச்சத்தைக் கலனுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

இனி அடுப்படி. ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் என்று எழுதியிருந்தாலும் குவிமாடத்தில் சேமிக்க முடிவது அதில் மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 0.66 கன மீட்டர். எட்டு மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு உற்பத்தியாவது வெளியேற்றுத் தொட்டி வழியாகக் குமிழ் விட்டுப் போய்விடும். வாங்கும்போது யாரும் சொல்லாத செய்தி இது. காலையில் மட்டும் சமைத்துவிட்டு மறுநாள் காலை வரை அடுப்பை மூடி வைக்கும் வீட்டில் உற்பத்தியில் பாதிக்கு மேல் வீண். காலை, மதியம், இரவு என மூன்று வேளையாகப் பிரித்து எரிக்க வேண்டும். மணிக்கு 0.45 கன மீட்டர் குடிக்கும் பெரிய பர்னர் ஒன்று, ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் எரியும்.

தீனபந்துவில் அழுத்தம் தொடக்கத்தில் அதிகம், போகப்போக இறங்கும். சமையல் வரிசையை அதற்கேற்ப அமைக்க வேண்டும். அழுத்தம் முழுதாக இருக்கும்போது தோசைக்கல்லும் தாளிப்பும், பிறகு சோறு, இட்லிப் பானை போன்ற ஆவியில் வேகிறவை, கடைசியில் பால். ஆவிச் சமையலுக்கு இந்தத் தீ மிகப் பொருத்தம். தண்ணீர் கொதித்ததும் தீயைப் பாதியாக இறக்கலாம், இட்லி அதே நேரத்தில் வெந்துவிடும். அழுத்தம் 20 சென்டிமீட்டருக்குக் கீழே போன பிறகு கனமான தோசைக்கல்லை வைத்தால் நேரமும் வாயுவும்தான் போகும்.

சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் எரியாது. இந்த வாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அதனால் ஜெட் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும், காற்றுத் துளை சிறிதாக இருக்க வேண்டும். இதற்கென்றே செய்த அடுப்பை வாங்குவதுதான் சரி. தீ மஞ்சளாகிப் பாத்திரம் கரியானால் காற்று போதவில்லை. தீ பர்னரை விட்டு எழும்பிப் பறந்தால் காற்றோ அழுத்தமோ அதிகம். தீ விக்கி விக்கி எரிந்தால் குழாயில் தண்ணீர்.

அந்தக் கடைசி விக்கல்தான் அதிகம் வரும் தொல்லை. கலனிலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்தது, இரவில் குளிர்ந்து குழாயில் தண்ணீராகத் தேங்கும். 10 மீட்டர் குழாய்க்கு 10 சென்டிமீட்டர் சரிவு கலனை நோக்கியோ, தாழ்வான இடத்தில் உள்ள தண்ணீர்ப் பொறியை நோக்கியோ இருக்க வேண்டும். நடுவில் தொய்வு கூடாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பொறியைத் திறந்து வடிக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் பி.வி.சி. குழாய் போட்டால் சில ஆண்டுகளில் நொறுங்கும், எச்.டி.பி.இ. என்ற கடின பாலிஎத்திலீன் குழாய் தாங்கும். பித்தளை வால்வை, சாண வாயுவில் கொஞ்சம் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அரிக்கும். கைப்பிடி இறுகத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடை நீக்க இரும்புத் துருவல் வடிகட்டி போடலாம் என்பார்கள். எஞ்சினுக்கு அது கட்டாயம், அடுப்புக்குத் தேவையில்லை. அந்த அழுகிய முட்டை வாடைதான் கசிவைக் காட்டிக்கொடுக்கிறது.

தண்ணீர் இறைக்கும் எஞ்சின் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற சுமார் 0.45 கன மீட்டர் வாயு வேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சின் ஒரு மணி ஓட 2.25 கன மீட்டர், அதாவது இந்தக் கலனின் ஒரு நாள் உற்பத்தியைவிட அதிகம். டீசல் எஞ்சினில் காற்றுக் குழாயில் வாயுவைச் சேர்த்து, முழுச் சுமையில் டீசல் செலவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பதினைந்து இருபது மாடும், தனியாக வாயுச் சேமிப்புப் பையும் உள்ளவர்கள்தான் இறங்க வேண்டும். விறகில் ஓடும் சிறு நீராவி எஞ்சினை மாற்றாகச் சிலர் நினைக்கிறார்கள். அந்த அளவில் 100 பங்கு சூட்டில் 6 பங்குதான் வேலையாகும். 5 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 15 கிலோ காய்ந்த விறகு, பக்கத்தில் ஓர் ஆள், 25 லிட்டரைத் தாண்டிய அழுத்தக் கொதிகலன் என்றால் பதிவும் ஆய்வும். நீராவியை நெல் அவிக்கவும் தீவனம் வேகவைக்கவும் வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் இறைக்க வேண்டாம்.

ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். தாள் கணக்கில் மாதம் 26 கிலோ. சேமிப்பு வரம்பு, குளிர், சாணி குறையும் காலம் எல்லாம் கழித்து அடுப்பில் கிடைப்பது மாதம் 16, 17 கிலோ, அதாவது ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்குக் கொஞ்சம் மேல். மார்கழி, தையில் நான்கு மணி எரிந்த அடுப்பு மூன்று மணிதான் எரியும். விருந்து நாளுக்கு ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்கத்தான் வேண்டும்.

வாயுவைவிட மதிப்புள்ளது குழம்பு. போட்ட 100 லிட்டரும் ஏறத்தாழ அப்படியே வெளியே வரும், வாடை கிடையாது, களை விதை பெரும்பாலும் முளைப்பதில்லை. அன்றன்றே வாய்க்கால் தண்ணீரோடு கலந்து கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கும் வாழைக்கும் விடுவதுதான் சிறந்த வழி. வெயிலில் காயப்போட்டால் அமோனியாவாக இருக்கும் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். உடனே பயன்படுத்த முடியாதவர்கள் இரண்டு குழி வெட்டி, சருகோடு அடுக்கடுக்காக மட்க வைக்கலாம். சொட்டுநீர்க் குழாயில் விட நினைத்தால், துணியில் வடிகட்டினாலும் அடைக்கும்.

வெளியேற்றுத் தொட்டியின் வழிவாயை மட்டும் அடைபட விடாதீர்கள். அது அடைத்தால் குழம்பு உள்ளே உயர்ந்து வாயுக் குழாய்க்குள் ஏறிவிடும். தொட்டியின் விளிம்பு தரையைவிட அரை அடி உயர்ந்திருந்தால் மழைத்தண்ணீர் புகாது. மேலே கான்கிரீட் மூடி எப்போதும் இருக்க வேண்டும், கன்றுக்குட்டியும் குழந்தையும் விழுந்துவிடும்.

ஏழெட்டு ஆண்டில், தீனி குறையாமலே வாயு குறைந்தால் மணல் படிந்திருக்கிறது என்று பொருள். நீண்ட மூங்கிலை வெளியேற்றுத் தொட்டி வழியாக விட்டுப் பார்த்தால் படிவின் உயரம் தெரியும். வாயுவை முழுதாகத் திறந்துவிட்டு, கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டு, தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, வெளியிலிருந்தபடியே உறிஞ்ச வேண்டும். ஆள் உள்ளே இறங்கக் கூடாது. காலியான கலனிலும் மூச்சுக்குக் காற்று இருக்காது, படிவைக் கிளறும்போது விஷவாயு மறுபடி எழும்பும். கயிறு கட்டி இறங்கினாலும் ஆபத்துதான், முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மயங்கி விழுவார். சுத்தம் செய்த பின் அடியில் விட்டுவைத்த பழைய குழம்பு பத்தில் ஒரு பங்கு இருந்தால், புதுச் சாணியை நிரப்பிய மூன்றாம் வாரம் அடுப்பு மறுபடி எரியும்.