அலுமினியப் படகில் ப்ளைவுட் தளம்: சில மழைக்காலம் கடந்த பிறகு

ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிற்கும் 14 அடி அலுமினியப் படகுக்கு உளுத்த தளத்தைக் கழற்றிவிட்டு மறுபடி ப்ளைவுட்டே போடலாமா என்று நண்பர் கேட்டார். பலகையைப் பற்றிப் பெரிய பேச்சில்லை. 12 மில்லிமீற்றர் மரைன் ப்ளைவுட், பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரை உள்ளது, 8க்கு 4 அடி அளவில் இரண்டு போதும். பச்சை நிற மருந்து ஏற்றிய பலகையை மட்டும் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். அதிலுள்ள செம்பு ஈரம் பட்டால் அலுமினியத்தையே அரிக்கும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு தகட்டில் ஊசித்துளை விழும்.

என் கோபமெல்லாம் பலகைக்குள் நீர் புகாமல் பூசும் எபொக்சிப் பிசின் மேல்தான். கொழும்புச் சூட்டில் ஒரே இரவில் இறுகும் சாமான், நுவரெலியா, ஹட்டன் குளிரில் மறுநாளும் பிசுபிசுவென்று கிடக்கும். சாதாரண வகைகள் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காக இறுகுவதில்லை. சீக்கிரம் காயட்டும் என்று, பிசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் கடைசிவரை மென்மையாகவே இருக்கும். வேகமாக இறுகும் ஹார்ட்னரைக் கேட்டு வாங்குங்கள். ஈரக்காற்று பட்டால் மேலே மெழுகுப் படலம் வேறு கட்டும். அதோடு அடுத்த பூச்சு போட்டால் பட்டை பட்டையாக உரியும். முதலில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், காய்ந்த பிறகுதான் சேண்ட் பேப்பர். முறை மாறினால் மெழுகு இன்னும் பரவும்.

இதில் இன்னொரு இழுபறி. பலகை சூடேறும் நேரத்தில் பூசினால் உள்ளே இருக்கும் காற்று குமிழாக வெளிவரும். சூடு இறங்கும் பிற்பகலில் பூசினால் மரம் எபொக்சியை நன்றாக உறிஞ்சும். ஆனால் பின்னாலேயே இரவுக் குளிர் வந்துவிடும். ஆகவே பூசிய கையோடு மூடிய அறைக்குள் கொண்டுபோய் ஹீட்டர் போட்டு வையுங்கள். மூன்று பூச்சு, வெட்டு விளிம்புகளுக்கு நான்கு. பலகை உளுக்கத் தொடங்குவது விளிம்பிலும் துளையிலும்தான். ஒவ்வொரு துளையையும் 8 மில்லிமீற்றரில் பெரிதாகப் போட்டு, கெட்டியான எபொக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 5 மில்லிமீற்றரில் திரும்பத் துளையுங்கள். 4.8 மில்லிமீற்றர் அலுமினிய ரிவெட் அதற்குச் சரியாக இருக்கும். நீளம் மட்டும் பலகை, குறுக்குச்சட்டம் இரண்டின் தடிப்பையும் தாண்ட வேண்டும்.

பழைய தளத்துக்கு அடியில் மிதப்புக்காக இருக்கும் ஃபோமைப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அத்தனையையும் எடுத்துவிட்டு, நீர் உறிஞ்சாத வகையை வையுங்கள். நீர் வடியும் வழியை அடைக்காதீர்கள். மேலே கார்பெட் ஒட்டவே வேண்டாம், மழை முடிந்து வெயில் வந்தாலும் அது காயாது.

இவ்வளவும் செய்த தளம் தென்மேல் பருவமழையில் அசையாமல் நிற்கிறது. கால் வைத்தால் துளி வளைவில்லை, சத்தமில்லை, காலில் சுடுவதுமில்லை. 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு இந்த சுகத்தைத் தராது, எடையும் சதுர மீற்றருக்கு 8 கிலோவைத் தாண்டும். இருந்தும் நண்பருக்கு என் பதில் தகடுதான். படகு கரையில் திறந்தபடி கிடக்கும் என்கிறார். மூடிய அறையும் இல்லை. அந்தக் குளிரில் எபொக்சியோடு மல்லுக்கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.